வண்டி நின்றாலும் தவணை நிற்காது: விவசாயிக்கு ஏற்ற சரக்கு வண்டி எது?

பழநிக்குப் பக்கத்தில் என் அண்ணன் விவசாயம் பார்க்கிறார். தக்காளி, மக்காச்சோளம், கொஞ்சம் தென்னை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவு. பறித்த தக்காளி 90 பெட்டி இருந்தது. அப்போது அவரிடம் இருந்தது ஒரு பழைய குட்டி யானை. "ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்" என்று 90 பெட்டியையும் அதிலேயே அடுக்கி, தார்பாய் போட்டுக் கட்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் இரும்புப் பட்டை முறிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

வேறு வண்டி பிடித்து, பெட்டிகளை மாற்றி, சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. வாங்க வந்தவர்கள் பாதிப் பேர் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். அடிப்பெட்டிகளில் இருந்த பழம் நசுங்கிச் சாறு வடிந்துகொண்டிருந்தது. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தக் கோபத்தில் அடுத்த மாதமே கடன் போட்டு 1.7 டன் சுமக்கும் பெரிய பிக்கப் ஒன்றை வாங்கினார். இரண்டே ஆண்டில் அதையும் விற்றார். ஏன் என்று கேட்டபோது ஒரே வரியில் பதில் சொன்னார்: "வண்டி நின்னாலும் தவணை நிக்காது தம்பி."

முதல் வண்டி அவர் தேவைக்குச் சிறியது, இரண்டாவது, பெரியது. இரண்டு முறையும் பட்டது நஷ்டம்தான். நான் படித்தது உழவியல். வண்டி மெக்கானிசம் அல்ல. ஆனால் வயல்களுக்குப் போகும்போது உரம், பூச்சி மருந்துக்கு அடுத்தபடியாக விவசாயிகள் என்னிடம் கேட்பது, "எந்த வண்டி வாங்கலாம் சார்?" என்பதைத்தான். எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை கிலோ என்பதே முதல் கேள்வி. அதற்கான கணக்கை இங்கே தருகிறேன்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது பதில்

ஒவ்வொரு சரக்கு வண்டியின் ஆர்.சி.யிலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, வெற்று வண்டியின் எடை. இன்னொன்று, சுமையோடு சேர்த்து அந்த வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டி சுமக்கக்கூடிய எடை. விற்பவர் சொல்வதையோ, பக்கத்து ஊர்க்காரர் ஏற்றுவதையோ கணக்கில் எடுக்க வேண்டாம்.

அந்தச் சுமையிலும் முழுவதும் விளைபொருள் அல்ல. ஓட்டுநரும் கூட வருபவரும் அதற்குள்தான் அடக்கம். இரண்டு பேர் என்றால் 130 கிலோ போய்விடும். வாங்கிய பிறகு பக்கவாட்டில் கம்பி கட்டி உயர்த்துவது, அடியில் கூடுதல் தகடு போடுவது, மேலே கேரியர் வைப்பது எல்லாமே சுமையிலிருந்து கழியும். இப்படி 100 கிலோ வரை சர்வசாதாரணமாகக் கூடிவிடும்.

பெட்டியின் எடையையும் பலர் மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கம் தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கு. காலிப் பெட்டி ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். ஆகவே ஒரு பெட்டிக்கு 16 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அண்ணனின் முதல் வண்டியைப் பார்ப்போம். அது 750 கிலோ சுமக்கும் வண்டி. ஆட்கள் இருவருக்கு 130 கிலோ கழித்தால் மிச்சம் 620 கிலோ. அதில் 38 பெட்டிதான் ஏற்றலாம். அவர் ஏற்றியது 90 பெட்டி, அதாவது 1,440 கிலோ. ஆட்களையும் சேர்த்தால் 1,570 கிலோ. வண்டியின் தாங்குதிறனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பட்டை முறிந்ததில் ஆச்சரியம் இல்லை. அது அதுவரை முறியாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

பாடி நிறைவது வேறு, எடை நிறைவது வேறு

"பாடி நிறையத்தானே ஏற்றினேன், மேலே கூடப் போகவில்லையே" என்பார்கள். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. எட்டு அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு பாடியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 66 கன அடி. அதை மட்டமாக நிரப்பினால் என்ன எடை வரும்?

நெல் ஒரு கன அடி சுமார் 16 கிலோ. பாடி நிறைய ஏற்றினால் ஏறக்குறைய 1,050 கிலோ. ஓரளவு ஈரமுள்ள தொழுவுரம் கன அடிக்கு சுமார் 18 கிலோ. மொத்தம் 1,200 கிலோ. மழையில் நனைந்த எரு இதைவிடக் கூடுதலாக இழுக்கும். செம்மண் அல்லது மணல் கன அடிக்கு 42 கிலோ போல வரும். மொத்தம் 2,700 கிலோவைத் தாண்டிவிடும். வைக்கோல் கட்டு என்றால், தலைக்கு மேல் அடுக்கினாலும் ஒரு டன் சேர்வது கஷ்டம்.

அதே பாடி, அதே மட்டம். ஆனால் நெல்லுக்குச் சரியாக இருக்கும் வண்டி, மண்ணுக்குப் பாதிக்கு மேல் நிரம்பினாலே ஆபத்து. வைக்கோலில் எடை பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. காற்றடிக்கும்போதும் வளைவிலும் வண்டி கவிழ்வது அதனால்தான்.

தண்ணீரில் கணக்கு சுலபம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் ஒரு டன். அதோடு டேங்க்கைப் பாதி நிரப்பிக்கொண்டு ஓட்டுவது, முழுதாக நிரப்பி ஓட்டுவதைவிட மோசம். பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். மருந்து தெளிக்கத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் பெரிய டேங்க் ஒன்றுக்குப் பதிலாக, மூடியுள்ள சிறிய கேன்களில் முழுதாக நிரப்பிக் கொண்டுபோவது நல்லது.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு எடையோடு இடமும் முக்கியம். கால்நடைகளை ஏற்றிச் செல்ல மோட்டார் வாகன விதிகள் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும், ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டரும் சொல்கின்றன. மேலே சொன்ன பாடியில் இரண்டு மாடு அல்லது 13 ஆடுகள்தான் சேரும்.

உச்ச நாளைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள்

அண்ணனின் இரண்டாவது தவறு இதுதான். 90 பெட்டி வந்த அந்த ஒரு நாளை மனதில் வைத்து 1.7 டன் வண்டி வாங்கினார். கணக்குப்படி அதில் 98 பெட்டி ஏற்றலாம். சரிதான். ஆனால் அவர் தோட்டத்தில் 90 பெட்டி வருவது ஒரு பருவத்தில் நான்கைந்து பறிப்புகளுக்கு மட்டும். முதல் சில பறிப்புகளில் 20, 30 பெட்டி. பிறகு 50, 60. நடுவில் சில நாள் உச்சம். கடைசியில் மறுபடியும் 30. பெரும்பாலான நாட்களில் அந்தப் பெரிய வண்டி பாதிச் சுமையோடு முழு டீசலைக் குடித்துக்கொண்டு ஓடியது.

ஆகவே வண்டிக் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுங்கள். கடந்த ஓர் ஆண்டில் எத்தனை முறை, எதை, எத்தனை கிலோ, எவ்வளவு தூரம் கொண்டுபோனீர்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள். கமிஷன் கடைச் சீட்டுகளும் கொள்முதல் நிலையச் சீட்டுகளும் இருந்தால் அரை நாளில் எழுதிவிடலாம். எடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நூறு நடை போயிருந்தால், அதில் 80ஆவது நடையில் எவ்வளவு எடை இருக்கிறதோ அதைச் சுமக்கும் வண்டிதான் உங்கள் வண்டி. மேலே இருக்கும் 20 நடைகளுக்கு வாடகை வண்டியைக் கூப்பிடலாம். தூரம் குறைவு என்றால் இரண்டு நடை அடிக்கலாம். இருபது நாள் வாடகை, ஐந்தாண்டுத் தவணையைவிட எப்போதும் குறைவு.

எடுத்துக்காட்டாக, வழக்கமான நாளில் 60 பெட்டி என்றால் 960 கிலோ. ஆட்கள் இருவர் 130. மொத்தம் 1,090 கிலோ. இதற்கு 1.25 டன் வண்டி போதும். ஆண்டு முழுவதும் வண்டி தன் திறனுக்கு நெருக்கமாக, ஆனால் அதைத் தாண்டாமல் ஓடும்.

யாருக்கு எந்த அளவு?

சந்தையில் கிடைக்கும் சிறிய சரக்கு வண்டிகளை விவசாயி பார்வையில் நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரை டன் சுமக்கும் மூன்று சக்கர லோடு ஆட்டோ. கீரை, பூ, பால் கேன், உழவர் சந்தைக்குப் போகும் காய்கறி போன்றவற்றுக்கு ஏற்றது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போக இது வேண்டாம்.

இரண்டாவது, முக்கால் டன் வகை. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் குட்டி யானை என்று ஊரே பெயர் வைத்தது. இன்று அந்த அளவில் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அதே பெயர்தான். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காய்கறி, தினமும் தீவனம், குறுகலான வண்டிப்பாதை என்றால் இதுவே போதும். பெயரில் யானை இருக்கிறது என்பதற்காக யானைச் சுமை ஏற்றக் கூடாது.

மூன்றாவது, ஒன்றேகால் டன் முதல் ஒன்றரை டன் வரை. தோஸ்த், இன்ட்ரா, பொலிரோ பிக்கப் ஆகியவற்றின் பல ரகங்கள் இதில் வரும். ஒரே பெயரில் வெவ்வேறு எடை சுமக்கும் ரகங்கள் இருப்பதால் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் எண்ணைக் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து ஏக்கர் தக்காளி, வாழை, வெங்காயம் போடுகிறவர்களுக்கு, 30, 40 கிலோமீட்டரில் சந்தை இருந்தால் பெரும்பாலும் இந்த அளவுதான் பொருந்தும்.

நான்காவது, 1.7 டன்னும் அதற்கு மேலும். நாம் 407 என்றும் ஐச்சர் என்றும் சொல்லும் வண்டிகள் இதற்கும் அடுத்த படி. தனி விவசாயிக்கு இந்த அளவு அரிதாகவே தேவைப்படும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், பத்துப் பேர் சேர்ந்த குழுக்கள், வியாபாரமும் சேர்த்துச் செய்பவர்கள் ஆகியோருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

சுமப்பது பிக்கப், இழுப்பது டிராக்டர்

டிராக்டர் வைத்திருப்பவர்கள், "டிரெய்லர் இருக்கும்போது பிக்கப் எதற்கு?" என்று கேட்பது நியாயம். பத்து கிலோமீட்டருக்குள் கரும்பு, நெல், எரு, மண் போன்ற கனமான, நசுங்காத சரக்கு என்றால் டிரெய்லரே சிறந்தது. அதற்கு மேல் தூரம் என்றாலோ, தக்காளி, வாழை, பூ என்றாலோ நேரமும் குலுக்கலும் சேர்ந்து சரக்கைக் கெடுத்துவிடும்.

டிரெய்லரில் கவனிக்க வேண்டியது இழுக்கும் திறனை அல்ல, நிறுத்தும் திறனை. 45 குதிரைத்திறன் டிராக்டர் சமதளத்தில் நான்கைந்து டன்னை இழுத்துவிடும். ஆனால் நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. ஐந்து டன் சுமையை, அதில் பாதி எடைகூட இல்லாத டிராக்டரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். பாலத்து இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுவதும், டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழ்வதும் இதனால்தான்.

இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்கும். ஓரளவு இறங்கினால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும். அளவு மீறினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கேட்காது. டிரெய்லரை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். வசதிக்காக மேலே மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகப் புரளும். இரவில் போவதாக இருந்தால் டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் கட்டாயம். விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு டிரெய்லரில் இரு சக்கர வாகனம் மோதிய செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

பெரிய வண்டியில் சின்னச் சுமை: பழம் கெடும்

இது பலருக்குப் புதிதாக இருக்கலாம். கூடுதல் சுமை பழத்தை நசுக்கும் என்பது தெரிந்ததுதான். குறைந்த சுமையும் பழத்தைக் கெடுக்கும். 1.7 டன்னைத் தாங்கச் செய்த பட்டைகள் விறைப்பானவை. அதில் 400 கிலோ மட்டும் ஏற்றினால் பட்டை வளையாது. சாலையின் ஒவ்வொரு குழியும் அப்படியே மேலே ஏறிப் பெட்டியைத் தூக்கிப் போடும். மேலடுக்குப் பெட்டியில் உள்ள பழங்கள்தான் அதிகம் உருண்டு அடிபடும். அன்று வெளியே தெரியாது. இரண்டு நாள் கழித்து, வாங்கியவர் கடையில் அடிபட்ட இடம் நீர்கட்டி அழுகும். அடுத்த முறை அவர் உங்கள் சரக்குக்கு விலையைக் குறைப்பார்.

வண்டி எதுவானாலும் சில பழக்கங்கள் உதவும். பெட்டியின் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழேயே பழத்தை நிறுத்துங்கள். அப்போது மேல் பெட்டியின் எடையைக் கீழ்ப்பெட்டியின் சட்டம் தாங்கும், பழம் தாங்காது. கனமான பெட்டிகளை முதலில், டிரைவர் கேபினை ஒட்டி வையுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் கனத்தைக் குவித்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் ஆடும். பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விடாமல் கயிறு போட்டு இறுக்குங்கள். தார்பாயை நான்கு பக்கமும் மூடிக் கட்டினால் உள்ளே வெப்பம் ஏறும். மழை இல்லாத நாளில் முன்னும் பின்னும் காற்றுப் போக வழிவிடுங்கள்.

வயலுக்குள் வண்டி வேண்டாம்

உழவியல் படித்தவனாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஈரமான வயலில் சுமையேற்றிய வண்டியை ஓட்டினால் மண் இறுகும். மேல்மண் இறுக்கத்தை அடுத்த உழவில் சரிசெய்யலாம். ஆனால் அச்சின் மேல் இறங்கும் எடை கூடக் கூட, இறுக்கம் கலப்பை எட்டாத ஆழத்துக்கு இறங்கும். அங்கே வேர் போகாது, தண்ணீரும் வடியாது. வண்டி போன தடத்தில் மட்டும் பயிர் குட்டையாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வண்டியைப் பாதையிலேயே நிறுத்தி, சரக்கைத் தள்ளுவண்டியிலோ தலைச்சுமையாகவோ வரப்புக்குக் கொண்டுவருவதே நிலத்துக்கு நல்லது. தலைச்சுமைக் கூலி கூடுதலாகிறது என்றால், பாதை அளவையும் வண்டி அளவையும் சேர்த்து யோசியுங்கள். பெரிய வண்டி தார்ச்சாலையிலேயே நின்றுவிடும். சிறியது தோட்டத்து மேடு வரை வரும். வாங்கும் முன் உங்கள் பாதையின் அகலம், திரும்ப இடம், வாய்க்கால் மேல் போட்ட சிறு பாலத்தின் பலம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சொந்தமா, வாடகையா?

அண்ணனின் 1.7 டன் வண்டிக் கணக்கைப் போன்ற ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்களுக்குப் பதிலாக உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

கடன் 7 லட்சம், வட்டி 11 சதவீதம், 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 15,220 ரூபாய். ஆண்டுக்கு 1,82,640. காப்பீடு, வரி, எஃப்.சி. செலவுக்கு ஆண்டுக்கு 45,000 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 2,28,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. கையிலிருந்து போட்ட முன்பணமும், ஐந்தாண்டு கழித்து வண்டியை விற்றால் வருவதும் ஏறக்குறைய ஈடாகும் என்று வைத்து இரண்டையும் விட்டுவிடுவோம்.

சந்தை 40 கிலோமீட்டர்; போய்வர 80. லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு சுமார் 570 ரூபாய். டயர், ஆயில், பழுதுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் என்றால் 200. ஆக 770 ரூபாய். அதே நடைக்கு வாடகை 2,200 என்றால், சொந்த வண்டியில் நீங்களே ஓட்டினால் நடைக்கு மிச்சம் 1,430 ரூபாய்.

2,28,000 ரூபாயை 1,430ஆல் வகுத்தால் 160 நடை. ஆண்டுக்கு 160 நடைக்கு மேல் போனால்தான் சொந்த வண்டி லாபம். டிரைவர் வைத்து ஒரு நடைக்கு 500 ரூபாய் கொடுத்தால் 245 நடை வேண்டும். அண்ணன் இரண்டு தக்காளிப் பருவத்துக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 90 நடைதான் போனார். அதில் மிச்சமானது 1,28,700. செலவு 2,28,000. ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு அருகில் நஷ்டம். தக்காளி விலை நன்றாக இருந்த ஆண்டில் அது தெரியவில்லை. விலை விழுந்த ஆண்டில் தெரிந்தது.

உங்கள் நடை எண்ணிக்கை குறைவு என்றால் மூன்று வழிகள் உண்டு. வாடகையிலேயே தொடரலாம். பக்கத்துத் தோட்டக்காரர்களின் சரக்கையும் சேர்த்து ஏற்றி நடையைக் கூட்டலாம். அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியைப் பாதி விலைக்கு வாங்கித் தவணையைக் குறைக்கலாம்.

பழைய வண்டி என்றால், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பட்டைகளில் புதிதாகக் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறார்களா, சேஸில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, பின் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை மூன்றும் வண்டி அளவுக்கு மீறிச் சுமந்ததற்கான அடையாளங்கள். எஃப்.சி., காப்பீடு, வரி, கடன் பாக்கி ஆகிய நான்கையும் ஆர்.சி.யோடு சரிபாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. வாங்கும் வண்டி இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆர்.சி. எடையில் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸைப் பொறுத்தவரை, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது.

கூடுதல் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு 20,000 ரூபாய் அபராதமும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் சொல்கிறது. அதோடு கூடுதல் சரக்கைச் சாலையிலேயே இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இறக்கும் செலவும் நம்முடையது. உச்சி வெயிலில் சாலையோரத்தில் இறக்கிய தக்காளியின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அபராதத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. களை எடுக்க, பறிப்புக்கு ஆட்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிக் கொண்டுபோகும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடிக்கவும் எதுவும் இல்லை. சரக்கு வண்டிக் காப்பீட்டில் அவர்களுக்கு இடமும் இல்லை. வண்டி கவிழ்ந்தால் அந்தக் குடும்பங்களுக்கு வண்டி உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்தை விற்றாலும் அது தீராது. ஆட்களுக்கு ஷேர் ஆட்டோ பேசிவிடுங்கள். அந்த வாடகையையும் பறிப்புக் கூலியோடு சேர்த்துக் கணக்கெழுதுங்கள்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுமை இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. தாண்டிக்குடி, பன்றிமலைப் பக்கம் போன்ற இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

மூன்றாவது வண்டி

அண்ணன் இப்போது வைத்திருப்பது நான்கு ஆண்டு ஓடிய, 1.25 டன் சுமக்கும் பழைய பிக்கப். அதில் 70 பெட்டி ஏற்றலாம். அவருடைய வழக்கமான 55 பெட்டியோடு பக்கத்துத் தோட்டத்துக்காரரின் 15 பெட்டியும் சேர்ந்து போகிறது. மற்ற நாட்களில் ஊரில் இரண்டு பேருக்குத் தீவனமும் உரமும் ஏற்றிக் கொடுக்கிறார். மஞ்சள் நம்பர் போர்டு வண்டி என்பதால் வாடகைக்கு ஓட்டவும் தடையில்லை. 90 பெட்டி வரும் நாளில், மிச்சம் 20 பெட்டியை ஊர் வாடகை வண்டியில் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சந்தைக்குப் புறப்படும் முன் அவர் வண்டியைச் சுற்றி வந்து டயர்களைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை எண்ணினார். 70 ஆனதும் நிறுத்தினார். இன்னும் நான்கு பெட்டி கீழே இருந்தது. "இதையும் போட்டுடலாமே மாமா" என்றார் ஏற்றிக்கொண்டிருந்த பையன். அண்ணன் அந்த நான்கையும் நிழலில் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்குப் போகும்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

புதிய வண்டி வாங்க நினைப்பவர்கள் இந்த வாரமே அந்த நோட்டை எழுதத் தொடங்குங்கள். ஒரு பருவம் முழுதும் எழுதி முடித்தபின் ஷோரூமுக்குப் போங்கள். அங்கே விற்பவர் முதலில் தவணையைப் பற்றிப் பேசுவார். நீங்கள் முதலில் கிலோவைப் பற்றிக் கேளுங்கள்.